தையல் பிரித்த பிறகும் பிரியாத வலி

ஆபரேஷனுக்குப் பின் வரும் வலியை நரம்பின் உள்ளறை வரை துரத்திப் பிடித்திருக்கிறது விஞ்ஞானம். அந்த அறிவு கல்வராயன் மலைக்கு எப்போது ஏறும்?

கச்சிராயபாளையத்தைத் தாண்டி பேருந்து மலை ஏறத் தொடங்கியதும் பிள்ளை பெற்றவளின் கை தன்னால் அடிவயிற்றுக்குப் போகிறது. துண்டைச் சுருட்டித் தையல் போட்ட இடத்தில் வைத்து அழுத்திக்கொள்கிறாள். கைக்குழந்தை பக்கத்தில் அம்மாவின் மடியில். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒருபக்கம் சாய, விழாமல் இருக்க வயிற்றுத் தசை இறுகுகிறது. இறுகிய மறுகணம் முகம் சுளிக்கிறது. இருமல் வந்தால் தொண்டையிலேயே அடக்கப் பார்க்கிறாள்.

“வலிக்குதா பாப்பா?”

“பரவால்லம்மா, தாங்கிக்கலாம்.”

முன்சீட்டுப் பாட்டி திரும்பிப் பார்த்து, “ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும் கண்ணு, பச்சை உடம்பு இல்லையா” என்று தேற்றுகிறார். சிசேரியனோ, குடும்பக் கட்டுப்பாடோ, குடலிறக்கமோ கள்ளக்குறிச்சியில் முடித்துக்கொண்டு வெள்ளிமலைக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு இது பழகிப்போன பயணம். அந்தப் பெண் யாராகவும் இருக்கலாம்.

பாட்டி சொல்வது அன்பான வார்த்தைதான். ஆனால், அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த வலியில் பெரும்பங்கைக் குறைக்கும் மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. பல மருந்துகளின் விலை மிகக் குறைவு. குறைக்காமல் விட்டால் சிலருக்கு அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோயாகிவிடும் என்பதும் தெரிந்த விஷயம். வலி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு எழுதிவைக்கும் பழக்கத்தைத்தான் நாம் இன்னும் வளர்த்துக்கொள்ளவில்லை.

கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் பிடியில் இருந்தது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கல்வராயன்மலை வட்டத்துக்குத் தலைமையிடம் வெள்ளிமலை. சாமை, மரவள்ளி, புளி, கடுக்காய், தேன் என்று வாழும் மலையாளிப் பழங்குடியினரே இங்கு பெரும்பான்மை. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. 2024 ஜூனில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் மருத்துவ வசதியும் அதன் பிறகு அதிகம் பேசப்பட்டன. ஆபரேஷன் முடிந்து மலை ஏறியவர்களின் வலி அந்தப் பேச்சுக்குள் வரவில்லை.

கத்தி படும் இடத்தில்…

தோலும் தசையும் அறுபடும்போது சிதையும் செல்கள் தமக்குள் இருந்த ஏடிபி, பொட்டாசியம், ஹைட்ரஜன் அயனிகளை வெளியே கொட்டுகின்றன. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை விடுகின்றன. அடுத்த சில மணி நேரத்தில் காயத்தைச் சுற்றி ‘காக்ஸ்-2’ என்ற நொதி பெருகி ப்ராஸ்டாகிளாண்டின்களைத் தயாரிக்கிறது. பிராடிகைனின் வருகிறது. ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்னும் புரதமும் கூடுகிறது. இத்தனையும் போய்ச் சேரும் இடம், வலி நரம்புகளின் நுனி.

அந்த நரம்புகளில் இரண்டு வகை முக்கியம். ‘ஏ-டெல்டா’ இழைகளில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். சுரீர் என்று குத்தும் முதல் வலி அதனுடையது. உறையில்லாத ‘சி’ இழைகளில் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது. பின்னால் மெல்ல வந்து, போகாமல் எரியும் வலி அது.

இவற்றின் நுனியில் ‘டிஆர்பிவி1’ என்ற புரத வாயில் இருக்கிறது. சாதாரணமாக அது திறக்க 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். ப்ராஸ்டாகிளாண்டினும் பிராடிகைனினும் நரம்பு வளர்ச்சிக் காரணியும் சேர்ந்து இந்த வாயிலை மாற்றிவிடுகின்றன. 43-ல் திறக்க வேண்டியது, உடம்பின் இயல்பான சூடான 37 டிகிரியிலேயே திறந்துகொள்ளும். எதுவும் படாதபோதும் தையலைச் சுற்றிக் காந்துவதற்கு இது ஒரு காரணம்.

“அப்படியானால் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை போதுமே” என்று தோன்றலாம். ஆய்வாளர்களும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மயக்கவியல் மருத்துவர் டிமதி பிரென்னன், 1996-ல் எலியின் உள்ளங்காலில் சிறு கீறல் போட்டுத் தைத்து, ஆபரேஷன் வலிக்கென்றே ஒரு சோதனை முறையை உருவாக்கினார். வெட்டுக்காயத்துக்குள் ரத்த ஓட்டம் குறைந்து, லாக்டிக் அமிலம் கூடி, பல நாள் அமிலத்தன்மை நீடிப்பதை அந்த வழியில் நடந்த ஆய்வுகள் காட்டின. அந்த அமிலத்தை உணர வலி நரம்புகளில் தனி வாயில்களே இருக்கின்றன. ஆக, ஆபரேஷன் வலி வெறும் வீக்கத்தின் வலி கிடையாது. அறுபட்ட நரம்பு, அமிலம், வீக்கம் மூன்றும் கலந்தது. ஒரே மாத்திரையால் அது அடங்காததற்குக் காரணமும் இதுதான்.

சிசேரியனில் இன்னொன்றும் உண்டு. அடிவயிற்றில் குறுக்காகப் போடும் கீறலின் இரு ஓரங்களிலும் இடுப்பிலிருந்து வரும் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவை அறுபடலாம், இழுபடலாம், தையலுக்குள் சிக்கலாம். தழும்பைச் சுற்றி மரத்துப்போய், நடுவில் மட்டும் மின்சாரம் தொட்டதுபோல் சுரீரிடுகிறது என்று மாதங்கள் கழித்துப் பெண்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நரம்புகளின் கதை.

■ பெட்டி: மிளகாய் தந்த நோபல்

டிஆர்பிவி1 வாயிலைக் கண்டுபிடிக்க உதவியது மிளகாய். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நரம்பில் எதைத் தொட்டு எரிச்சலை உண்டாக்குகிறது என்று தேடிய அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு, 1997-ல் அந்தப் புரதத்தைப் பிடித்தது. காரமும் சூடும் ஒரே வாயிலைத்தான் திறக்கின்றன. மிளகாய் கடித்தால் வாய் ‘எரிவது’ அதனால்தான். அழுத்தத்தை உணரும் ‘பியெசோ’ வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியனுடன் ஜூலியஸ் 2021-ன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்பிரின் வகை மருந்துகள் ப்ராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-ல் காட்டிய ஜான் வேனுக்கு 1982-ல் நோபல் கிடைத்திருந்தது. வலியின் கதைக்கு நோபல் மேடை புதிதல்ல.

தண்டுவடம் மறக்காதது

மயக்கம் கொடுத்துவிட்டால் நோயாளிக்கு எதுவும் தெரியாது. ஆனால், முழு மயக்கத்தில் இருக்கும்போதும் வலி நரம்புகளின் செய்தி தண்டுவடத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கும். மூளை உறங்குகிறது, தண்டுவடம் உறங்கவில்லை.

அங்கே வலி நரம்பின் முனை குளூட்டமேட்டையும் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற புரதத் துணுக்கையும் வெளியிடுகிறது. எதிரே உள்ள நரம்பணுவில் ‘என்எம்டிஏ’ என்ற வாயில் இருக்கிறது. இயல்பான நேரத்தில் ஒரு மெக்னீசியம் அயனி அதை அடைத்துக்கொண்டிருக்கும். சிறு வலிக்கு அது அசையாது. செய்தி ஓயாமல் வந்து மோதும்போது, மடையில் அடைத்த களிமண்ணை வெள்ளம் அடித்துக்கொண்டு போவதுபோல் அந்த மெக்னீசியம் வெளியேறிவிடும். கால்சியம் உள்ளே பாயும். அதன் பிறகு அந்த நரம்பணு சிறிய தூண்டலுக்கும் பெரிதாகக் கத்தத் தொடங்கும். சேலை உரசுவதுகூட வலியாக மாறும். தண்டுவடத்தின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவும் விழித்துக்கொண்டு அந்தக் கொந்தளிப்பை வளர்க்கும்.

1983-ல் லண்டனில் கிளிஃபோர்ட் வூல்ஃப் இதைக் காட்டியபோது வலி மருத்துவத்தின் அடிப்படையே மாறியது. காயம் ஆறினால் வலியும் ஆறும் என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்று அப்போதுதான் புரிந்தது. தண்டுவடத்தில் வலி தனக்கென ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ளலாம்.

அப்படி அமைந்துவிட்டவர்கள் எத்தனை பேர்? 1998-ல் பிரிட்டனின் வடபகுதி வலி சிகிச்சை மையங்களுக்கு வந்த 5,130 பேரை ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு வலி ஆபரேஷனில் தொடங்கியது என்று தெரிந்தது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இதற்குத் தனி இடம் உண்டு: ஆபரேஷன் முடிந்து 3 மாதங்களுக்குப் பிறகும் நீடிக்கும் வலி. பொதுவாகப் பத்தில் ஒருவருக்கு இது வருவதாக ஆய்வுகள் கணக்கிடுகின்றன. குடலிறக்கத்துக்குப் பிறகும் சிசேரியனுக்குப் பிறகும் ஏறக்குறைய அதே அளவு. மார்பக அகற்றலிலும் நெஞ்சுக்கூட்டைத் திறக்கும் ஆபரேஷனிலும் இன்னும் அதிகம். கை கால் துண்டிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வரைக்கும் போகிறது.

பத்தில் ஒருவர் என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். தமிழ்நாட்டில் அது சிறிது கிடையாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தேசிய அளவு 21.5 மட்டுமே. இத்தனை அடிவயிறுகளில் கத்தி வைக்கும் மாநிலம், அந்தக் கத்தி விட்டுச்சென்றதையும் கணக்கெடுக்க வேண்டாமா?

‘தாங்கிக்கலாம்’ என்பதற்குக் கொடுக்கும் விலை

வலி இருந்தால் ஆழமாக மூச்சிழுக்க மாட்டார்கள். இருமிச் சளியை வெளியேற்ற மாட்டார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தங்கி, காய்ச்சலில் முடியலாம். எழுந்து நடக்க அஞ்சிப் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைய வாய்ப்பு கூடும். குழந்தையைத் தூக்கிப் பாலூட்ட உட்காருவதே பெரும்பாடாகும்.

மனதுக்கும் கணக்கு இருக்கிறது. ஜேம்ஸ் ஐசனாக் தலைமையில் 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, பிரசவித்த 1,288 பெண்களைப் பின்தொடர்ந்தது. பிரசவம் முடிந்த உடனான வலி கடுமையாக இருந்தவர்களுக்கு, 8 வாரம் கழித்தும் வலி நீடிக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. மகப்பேற்று மனச்சோர்வுக்கான ஆபத்து மூன்று மடங்கு. சுகப்பிரசவமா சிசேரியனா என்பதைவிட, முதல் நாளின் வலி எவ்வளவு என்பதே பின்னால் நடப்பதைச் சொன்னது. இந்த ஒரு முடிவு போதும், ‘முதல் ரெண்டு நாள் வலிக்கும், அப்புறம் சரியாயிரும்’ என்ற பேச்சை மருத்துவமனைகள் கைவிட.

மலையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. சமவெளியில் ஒருத்தி வலியோடு வீட்டுக்குள் இருந்துவிடலாம். சரிவான காட்டில் களையெடுப்பதும், விறகுக் கட்டைத் தலையில் ஏற்றுவதும், குடத்தோடு மேடேறுவதும் வயிற்றுத் தசை இல்லாமல் நடக்காது. குடலிறக்க ஆபரேஷன் முடித்த ஆண் மூட்டை தூக்கும் கூலிக்கோ வெளியூர் வேலைக்கோ திரும்ப வேண்டும். வலி நீடித்தால் கூலி நிற்கிறது.

பிறகு கடை மாத்திரை. பெயர் தெரியாத வலி மாத்திரையும், டைக்ளோஃபினாக் ஊசியும் சீட்டு இல்லாமலேயே கிடைத்துவிடும். சில நாளைக்கு, சரியான ஆளுக்கு, டைக்ளோஃபினாக் நல்ல மருந்துதான். ஆனால், அது அடக்கும் அதே ப்ராஸ்டாகிளாண்டின்தான், உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்துவைக்கிறது. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதுவே. வெயிலில் வேர்க்க வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, வெறும் வயிற்றில் வாரக்கணக்கில் அந்த மாத்திரையைப் போடுபவருக்குச் சிறுநீரகமும் இரைப்பையும் சேதமாகலாம். ஆஸ்பத்திரியில் சரியாகக் கவனிக்காத வலி இப்படித்தான் பெட்டிக்கடைக்குப் போய் வேறு நோயாகத் திரும்புகிறது.

சொல்லாதவருக்கு வலி இல்லை என்று மருத்துவம் நினைத்த காலம் ஒன்று உண்டு. 1980-கள் வரை பல நாடுகளில் பச்சிளம் குழந்தைகளுக்குப் போதிய வலி நிவாரணம் தராமலேயே ஆபரேஷன் செய்தார்கள். அவர்களுக்கு வலியை உணரும் அளவுக்கு நரம்பு முதிரவில்லை என்பது அன்றைய நம்பிக்கை. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த், 1987-ல் அந்த நம்பிக்கையை உடைத்தார். இதய ஆபரேஷனின்போது ஃபென்டனில் என்ற வலி மருந்தைப் பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடலில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைந்திருந்தன, சிக்கல்களும் குறைவு. அழக்கூடத் தெம்பில்லாத சிசுவுக்கு நடந்தது, டாக்டர் முன் வாய் திறக்கத் தயங்கும் மலைப் பெண்ணுக்கு இன்றும் வேறு வடிவில் நடக்கிறது. அனைத்துலக வலி ஆய்வுக் கழகம் 2020-ல் வலியின் இலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தன் வலியைச் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சேர்த்தது. வாயால் சொல்ல முடியாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்றும் சேர்த்தது.

மலைக்கு மேற்கே ஒரு மயக்கவியல் மருத்துவர்

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. இங்கும் மலையாளிப் பழங்குடியினரே பெரும்பான்மை. 1993-ல் மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். பழங்குடி நலத்துக்கான அவர்களின் அமைப்பு பின்னர் முழு மருத்துவமனையாக வளர்ந்தது. லலிதா மகப்பேறு மருத்துவர். ரெஜி மயக்கவியல் மருத்துவர்.

இந்தச் சேர்க்கைதான் கவனிக்க வேண்டியது. கிராமப்புற மருத்துவம் என்றதும் காய்ச்சல், தடுப்பூசி, பிரசவம் என்றே யோசிக்கிறோம். மயக்கவியல் பெரிய ஊர்க் காரியமாகத் தெரிகிறது. ஆனால், ஆபரேஷன் டேபிளில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பவரே வலிக்கும் பொறுப்பாளர். அவர் இருந்தால்தான் ஆபரேஷனே நடக்கும். வந்துவிட்டு உடனே அடுத்த ஊருக்கு ஓடாமல் அங்கேயே இருந்தால்தான் இரவு வலியையும் பார்க்க முடியும். சிட்டிலிங்கியில் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்தார்கள். நோயாளியின் பேச்சிலேயே பேசும் ஒருத்தி கட்டிலருகே நின்று கேட்டால், ‘தாங்கிக்கலாம்’ என்ற பதிலுக்குப் பின்னால் இருப்பதும் வெளியே வரும்.

நூறில் ஒரு பங்கு

பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் போடும் ஊசியோடு நடக்கின்றன. நோயாளி முதுகை வளைத்து உட்கார, இடுப்பெலும்பு மட்டத்தில் இரு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசி உள்ளே போகிறது. தெளிந்த தண்டுவட நீர் ஒரு சொட்டு வெளியே எட்டிப் பார்த்ததும் புபிவகெய்ன் மருந்து சேர்க்கப்படுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் வேகம் தணியும். காலில் உணர்வு திரும்பும், கூடவே வலியும் திரும்பும்.

அதே ஊசியில், அதே நேரத்தில், 0.1 மில்லிகிராம் மார்ஃபின் சேர்த்தால் அந்த வலி ஒரு நாள் வரைக்கும் தள்ளிப்போகும். தசையில் போடும் வழக்கமான 10 மில்லிகிராமில் இது நூறில் ஒரு பங்கு. தண்டுவடத்தில் வலிச் செய்தி நுழையும் இடத்திலேயே போய் அமர்வதால் இவ்வளவு குறைவாகப் போதுகிறது. மனிதர்களிடம் இது முதலில் செய்யப்பட்டது 1979-ல். சிசேரியனுக்கான சர்வதேசப் பரிந்துரைகளில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. பாதுகாப்பு ரசாயனம் கலக்காத மார்ஃபின் வேண்டும், உடம்பு அரிக்கலாம், குமட்டலாம், மூச்சின் வேகத்தை இரவு முழுக்கச் செவிலியர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். மருந்தின் விலையைவிட அந்த இரவு விழிப்புதான் நம் வார்டுகளில் அரிது.

அந்தப் பரிந்துரையின் மற்ற பகுதிகள் இன்னும் எளிமையானவை. பாராசிட்டமாலையும் இபுபுரூஃபன் வகை மருந்தையும் வலித்தால் மட்டும் என்றில்லாமல் நேரம் தவறாமல் தருவது. குழந்தை பிறந்ததும் ஒரு டெக்ஸாமெத்தசோன் ஊசி. முதுகில் மார்ஃபின் போட முடியாவிட்டால், தையல் போடும்போதே காயத்தில் மரப்பு மருந்தைப் பாய்ச்சுவது, அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்து வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே அதைப் போடுவது. ஒவ்வொன்றும் வலிப் பாதையின் ஒவ்வொரு இடத்தைத் தடுக்கிறது. என்எம்டிஏ வாயிலைத் தடுக்கும் கெட்டமின்கூட நம் அரசு மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. மருந்து அலமாரியில் இருப்பதைச் சரியான வரிசையில் எடுப்பதுதான் இங்கே கேட்கப்படும் புதுமை.

மார்ஃபினில் ஒரு தேசிய அவலமும் கலந்திருக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு ஓபியம் விளைகிறது, நீமுச்சிலும் காசிப்பூரிலும் அரசே அதைப் பதப்படுத்துகிறது, வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. அப்படிப்பட்ட இந்தியாவிலேயே 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, பன்னிரண்டு ஆண்டுகளில் மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்தது. திருவனந்தபுரத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரது பாலியம் இந்தியா அமைப்பும் பல ஆண்டுகள் போராடியதன் பலன், 2014-ல் வந்த சட்டத் திருத்தம். உரிமம் எளிதானது. கைகளின் தயக்கம் போகவில்லை. அச்சம் முழுக்கப் பொய்யும் கிடையாது. அமெரிக்கா மார்ஃபின் வகை ஓபியாய்டு மாத்திரைகளை வாரி இறைத்துப் பட்ட பாட்டை உலகம் பார்த்தது. ஆனால், ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கை மருத்துவர் கண்முன் ஒருமுறை தருவதும், டப்பா டப்பாவாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் ஒரே ஆபத்து ஆகாது.

■ பெட்டி: வீட்டில் பேசிக்கொள்வது

“முதுகுல ஊசி போட்டதுலதான் காலமெல்லாம் இடுப்பு வலி.” ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். ஆண்டுக்கணக்கான இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஊசி போடாத தாய்மார்களுக்கும் அதே வலி வருகிறது.

“வலி மாத்திரை போட்டா பால்ல இறங்கிப் பிள்ளைக்கு ஆகாது.” பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்துகள். டிரமடால், கோடீன் ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். மருத்துவர் சொல்லாமல் கூடாது.

“குடிக்கிறவருக்கு மயக்கம் ஏறாது.” அன்றாடம் குடிப்பவர் அதை மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்துகளின் அளவும், பாராசிட்டமாலை ஈரல் தாங்கும் அளவும் மாறும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா இருந்தாலும், ஏற்கெனவே உடம்பில் வேறெங்காவது நாள்பட்ட வலி இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டும்.

புது மாத்திரையின் பூர்வீகம்

2006-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை வட பாகிஸ்தானில் தொடங்குகிறது. தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன் கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணல் மேல் நடப்பான். வலிக்காது. பதினான்கு வயது ஆவதற்குள் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் அதேபோல் வலி அறியாத குழந்தைகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் குழு, ‘நேவ் 1.7’ என்னும் சோடியம் வாயிலுக்கான மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டது. அந்த ஒரு வாயில் மூடினால் வலிச் செய்தி பிறப்பதில்லை.

மருந்து நிறுவனங்கள் நேவ் 1.7-க்கு ஓடின. பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. அதன் சகோதர வாயிலான நேவ் 1.8-ல் கைவைத்த வெர்டெக்ஸ் நிறுவனம் வென்றது. அதன் சுசெட்ரிஜின் மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜனவரி 30 அன்று அனுமதி தந்தது. நேவ் 1.8 பெரும்பாலும் புற நரம்புகளில் இருப்பதால், மூளையின் போதைப் பாதையை இந்த மருந்து தொடுவதில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின் வந்த, ஓபியாய்டு அல்லாத புது வகை வலி மருந்து இது.

கொண்டாடலாம், கண்ணைத் திறந்துகொண்டு. கால் பெருவிரல் எலும்பு ஆபரேஷன், வயிற்றுத் தோல் சீரமைப்பு என்ற இரண்டு சோதனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் சேர்ந்த பழைய கூட்டு மாத்திரையை அது மிஞ்சவில்லை. இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் நரம்பு வலிக்கான இன்னொரு சோதனையில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2025-ல் அறிமுகமானபோது அமெரிக்காவில் ஒரு மாத்திரை 15.50 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,300 ரூபாய். முதல் வேளை இரண்டு, பிறகு 12 மணிக்கொன்று. மலைக் கூலிக் குடும்பம் இந்த விலையைப் பேசக்கூட முடியாது.

வேறு இரண்டு பாடங்களும் இந்த ஆண்டுகளில் கிடைத்தன. ஆபரேஷனுக்கு முன் காபாபென்டின் வகை மருந்துகளை எல்லோருக்கும் தரும் வழக்கம் பரவியிருந்தது. 2020-ல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலி குறைந்த அளவு நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை, தலைசுற்றல்தான் கூடியது. 2022-ல் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகக் குழு இடுப்பு வலிக்காரர்களின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, தொடக்கத்தில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் நன்கு கிளர்ந்தவர்களுக்கே வலி முழுதாகத் தீர்ந்திருந்தது. எலிகளில் டைக்ளோஃபினாக்கும் டெக்ஸாமெத்தசோனும் வலியை உடனே குறைத்தாலும் மொத்தத்தில் நீட்டின. இது ஆபரேஷன் வலிக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதற்காக யாரும் மருந்தை நிறுத்த வேண்டியதும் இல்லை. ஆனால், சில நாளைக்கு என்று தந்த மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவதற்கு எதிராக இன்னொரு காரணம் சேர்ந்திருக்கிறது.

பதினான்காவது வாரம்

கள்ளக்குறிச்சியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் மயக்கவியல் துறையும் வந்துவிட்டது. முதல் வேலை வார்டில். ரத்த அழுத்தமும் காய்ச்சலும் எழுதும் அதே தாளில், பூஜ்யம் முதல் பத்து வரை வலி எவ்வளவு என்று கேட்டு எழுத ஒரு கட்டம் வேண்டும். படுத்திருக்கும்போது ஒருமுறை, இருமச் சொல்லி ஒருமுறை. படுத்தால் இரண்டு, இருமினால் எட்டு என்றால் சிகிச்சை போதவில்லை என்று பொருள். எண் சொல்லத் தயங்குபவருக்கு முகப்படங்கள் இருக்கின்றன. வீட்டுக்கு அனுப்பும்போது எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று வாயால் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்து அனுப்ப வேண்டும்.

அடுத்த வேலை மலை மேல். அதற்கு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைக்குத் தடுப்பூசி 6, 10, 14-வது வாரங்களில். ஆபரேஷன் வலி நாள்பட்ட நோயாகிவிட்டதா என்று பார்க்க வேண்டிய 3 மாத எல்லை, அந்த 14-வது வாரத்துக்குச் சற்று முன்னால்தான் முடிகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் எப்படியும் கிராம சுகாதார செவிலியர் முன்னால் வந்து நிற்பாள். 6-வது வாரத்தில் ஒருமுறை, 14-வது வாரத்தில் ஒருமுறை, தையல் இடத்தில் வலிக்கிறதா, எரிகிறதா, துணி பட்டால் கூசுகிறதா, குடம் தூக்க முடிகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. குடலிறக்கம் முடித்த ஆண்களிடமும், கால் எடுக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளிடமும் அதே கேள்விகளை அந்தக் குழு கேட்கலாம். ‘ஆமாம்’ என்று சொல்பவரை மயக்கவியல் துறைக்கு அனுப்பினால், சிக்கிய நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து போடலாம், நரம்பு வலிக்குரிய மாத்திரைகளைக் கண்காணிப்போடு தொடங்கலாம். அதற்கு வாரத்தில் ஒரு நாள் புறநோயாளிப் பிரிவு வேண்டும். வெள்ளிமலைப் பேருந்து கள்ளக்குறிச்சி வந்துசேரும் நேரத்தைப் பார்த்து அந்தப் பிரிவின் நேரத்தை வைக்க வேண்டும்.